இலுப்பை மரத்திலிருந்த என் முதல் மனைவி

எங்கள் பக்கத்து ஜனங்கள் எந்த விஷயத்திலும் ஒத்துப்போக மாட்டார்கள். வாய்க்காலில் யார் முதலில் மடை திறப்பது என்பதிலிருந்து சாம்பாரில் வெல்லம் போடலாமா என்பது வரைக்கும் சண்டைதான். ஆனால் எனக்குப் பெண் கொடுக்கக் கூடாது என்பதில் மட்டும் கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் என்று வித்தியாசமில்லாமல் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். என்னால் டெல்டாவில் ஒரு ஒற்றுமை ஏற்பட்டது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெண் பார்க்கப் போனால் பேச்சு எப்போதும் ஒரே தடத்தில்தான் போகும்.

"மாப்பிள்ளை என்ன பண்றாரு?"

"விவசாயங்க."

"அது சரிங்க. வேலை என்ன பண்றாரு?"

நிலம் இருப்பதில் அவர்களுக்கு ஆட்சேபணை கிடையாது. எத்தனை மா இருக்கிறது, எந்த வாய்க்கால் பாசனம், பட்டா யார் பேரில் என்றெல்லாம் அக்கறையாகக் கேட்பார்கள். மாப்பிள்ளை அந்த நிலத்தில் இறங்கக் கூடாது, அவ்வளவுதான். மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருந்துகொண்டு, நிலம் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அது உத்தமமான பொருத்தம். நான் நிலம் இருந்த இடத்திலேயே இருந்தேன். அதுதான் என் ஜாதகத்தில் தோஷம்.

வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அப்பா போய் ரொம்ப நாளாகிறது. எங்களுக்குப் பெரிய மனிதர் என்றால் பெரியப்பாதான், அடுத்த தெருவில் இருந்தார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் "ஜாதகம் சரியாப் பொருந்தலீங்க" என்று பதில் வரும்போது, அம்மா அதை அப்படியே நம்பினாள். அல்லது நம்பினதாகச் சொன்னாள். எனக்கு முன்நெற்றியில் முடி பின்வாங்கத் தொடங்கிய பிறகும், "கட்டம் சரியில்லையாம், வேற ஒண்ணும் இல்லை" என்றுதான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் மகனை வேண்டாம் என்றார்கள் என்ற வாசகம் அவள் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை.

இதற்கிடையில் ஒரு பெண் என்னை வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தாள். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து மருந்துக் கடையில் வேலை. அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கப் போவேன். கேட் மூடினால் யாரும் எங்கேயும் போக முடியாது, நின்றுதான் ஆகவேண்டும். மற்றவர்கள் ரயில்வேயைத் திட்டுவார்கள். நான் மட்டும் இன்னும் ஒரு கூட்ஸ் வண்டி வரக்கூடாதா என்று வேண்டிக்கொள்வேன். அம்மாவின் மாத்திரையை மொத்தமாக வாங்காமல் ஒரு அட்டை ஒரு அட்டையாக வாங்க ஆரம்பித்தேன்.

அவளுக்கு ஏற்கெனவே கல்யாணமாகி முறிந்திருந்தது. கட்டினவன் வெளிநாட்டில் இருந்தான். அங்கே அவனுக்கு முன்னாலேயே ஒரு குடும்பம் இருந்த விவரம் தாலி ஏறின பிறகுதான் தெரிந்தது. கோர்ட்டில் தீர்த்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். இதை அவளே என்னிடம் சொன்னாள், மாத்திரை அட்டையைக் கவரில் போட்டுக்கொண்டே, ஸ்டாக் இல்லை என்று சொல்லுகிற குரலில்.

நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தம்பி, உனக்கு முதல் கல்யாணம். அவளுக்கு ரெண்டாவது. ஊரு என்ன சொல்லும்? புள்ளைக்கு ஏதோ குறை, அதான் அத்துக்கிட்டு வந்தவளைப் பாத்து முடிச்சிட்டாங்கன்னு சொல்லாதா?"

மருந்துக் கடையில் இதைச் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. "நான் ஒரு வீட்லேருந்து வெளியே வந்தவ. இன்னொரு வீட்டுக்குள்ள திருட்டுத்தனமா நுழைய மாட்டேன். உங்க அம்மா தட்டோட வந்து கேக்கட்டும், வரேன். இல்லைன்னா அண்ணன் காரைக்கால்ல ஒரு இடம் பாத்திருக்கு, தை பொறந்ததும் அங்க சரின்னுடுவேன்" என்றாள். தைக்கு இன்னும் எத்தனை நாள் என்று தினமும் காலண்டரில் எண்ண ஆரம்பித்தேன். அவளை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. இதில் நையாண்டி எதுவும் இல்லை.

அம்மா தட்டைத் தூக்கவில்லை. பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு பூம்புகார் பக்கத்தில் ஒரு குறிகாரரைப் பார்க்கப் போனாள். குறிகாரர் சோழியை உருட்டினார், கண்ணை மூடினார், செல்போன் அடித்ததும் திறந்து பேசினார், மறுபடி மூடினார். பிறகு விஷயத்தை உடைத்தார். எங்கள் வாய்க்கால் மதகோரம் நிற்கிற இலுப்பை மரத்தில் ஒரு மோகினி இருக்கிறாள். நான் மீசை அரும்பின வயதில் அந்த மதகில் குளித்தபோது என்னைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து நான் அவளுக்குப் புருஷன். அவளுக்குச் சாவு கிடையாது, வயது ஏறாது. அழகென்றால் அப்படியொரு அழகு. ஆனால் பொல்லாதவள். இன்னொருத்தி என் பக்கத்தில் வந்தால் விடமாட்டாள். வேண்டாம் என்று சொன்னாலோ குலத்தையே அழித்துவிடுவாள். வந்த வரன்களையெல்லாம் கலைத்துவிட்டது அவள்தானாம்.

என் சம்மதத்தை யாரும் கேட்காமலேயே எனக்குக் கல்யாணம் ஆகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதுவும் அழகான பெண், நகை கேட்கவில்லை, சிங்கப்பூர் கேட்கவில்லை, நான் சேற்றில் இறங்குவதைப் பார்த்துத்தான் மனதைப் பறிகொடுத்திருக்கிறாள். இவ்வளவு நல்ல சம்பந்தத்தை எங்கள் தரகர் ஒரு தடவைகூடக் கொண்டுவந்ததில்லை.

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அவள் முகத்தில் பயம் இருந்தது. பயத்துக்குப் பின்னால் வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. மகனுக்குப் பெரிய இடத்தில் சம்பந்தம் அமைந்ததைச் சொல்லும்போது மற்ற அம்மாக்களின் முகத்தில் நான் பார்த்திருந்த ஒன்று. அன்று சாயங்காலமே தெருவில் நாலு வீட்டில் சொல்லிவிட்டாள். "எந்தப் பொண்ணு வீட்டையும் குத்தம் சொல்ல முடியாது. அவ விட்டாத்தானே?"

ஒரு வாரத்தில் நான் ஊரில் பிரமுகன் ஆகிவிட்டேன். டீக்கடையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். கல்யாணமான சிநேகிதர்கள் என்னைக் கொஞ்சம் பொறாமையோடு பார்த்தார்கள். சம்பா நடவு முடிந்து களை எடுக்க வந்த பெண்கள் வரப்பில் என்னைக் கண்டாலே ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களுக்குத் தலைமை ஒரு அக்கா. வெற்றிலை போட்ட வாய், அதை மூடவைக்க எந்தக் குறிகாரராலும் முடியாது.

"தம்பி, வீட்டுக்காரம்மா சௌக்கியமா? சமைச்சாங்களா, மரத்துலேருந்து இறங்கவே இல்லையா?"

"இறங்கலைக்கா. கோபம்."

"பின்ன இருக்காதா? நீங்க தினம் ரயில்வே கேட்டுக்குப் போறீங்களே."

அந்த அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்த எந்தக் கெடுதலுக்கும் காரணம் தேட வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று. தண்ணீர் மோட்டார் காயில் எரிந்தது, அவள். புயல் சின்னம் என்று நாலு நாள் மழை கொட்டி இளம் பயிர் மூழ்கியது, அவள். ஊர் முழுக்கத்தான் மூழ்கியது, அவளுக்குக் கோபம் என்மேல் மட்டும்தானே என்று கேட்டேன். "கோபத்துல கை தவறி இருக்கும்" என்றார் பெரியப்பா. எலி, இலைச்சுருட்டுப் புழு, யூரியா தட்டுப்பாடு என்று அந்தப் பெண் ஒருத்தியே எவ்வளவு வேலை பார்த்தாள்! ஒரு ஆளுக்கு இத்தனை பொறுப்பு கொடுத்தால் சாவில்லாதவளுக்கே சலித்துப்போகும்.

மருந்துக் கடைக்கும் சேதி போயிருந்தது.

"அவங்க ரொம்ப அழகாமே?" என்றாள்.

"கேள்விப்பட்டதுதான். நேர்ல பாத்ததில்லை."

"எதுக்கும் முதல்ல அவங்களை முறைப்படி தீர்த்துட்டு வாங்க. ஏற்கெனவே ஒருத்தி இருக்கற ஆளை ஒருதரம் கட்டியாச்சு. மறுபடியும் முடியாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. கேட் திறந்துவிட்டது, வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு நகர்ந்தன. நான் அந்த இடத்திலேயே நின்றிருந்தேன்.

மோகினியைத் தீர்ப்பதற்குக் குறிகாரரும் ஒரு வழி வைத்திருந்தார். மரத்தில் ஆணி அடித்துக் கட்டிவிடலாம் என்றார். பெரியப்பா ஒப்பவில்லை. "அது அடாவடி. அவளும் ஒரு பொம்பளை. நம்ம முறைப்படி அத்துவிட்டாத்தான் நாளைக்கு உரிமை கொண்டாட மாட்டா" என்றார். எங்கள் ஜனங்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. புருஷன் பெண்டாட்டிக்கு ஒத்துவரவில்லை என்றால் பெரியவர்கள் கூடி உட்காருவார்கள். இரண்டு பக்கத்து நியாயத்தையும் கேட்பார்கள். பிறகு ஒரு துரும்பைக் கையில் கொடுப்பார்கள். அதைக் கிள்ளிப் போட்டுவிட்டால் தீர்ந்தது, அவரவர் வழி அவரவருக்கு. கோர்ட்டும் வக்கீலும் வந்தபிறகு அந்த வழக்கத்தை யாரும் சீந்துவதில்லை. மனிதர்கள் கைவிட்ட வழக்கத்தை மோகினிக்காகத் தூசி தட்டி எடுத்தார்கள்.

நான் முடியாது என்றேன். அம்மா பிரஷர் மாத்திரையை நிறுத்தினாள். நான் சரி என்றேன்.

அத்துவிடுவதற்குப் புடவை வேண்டும் என்றார் குறிகாரர். அம்மா கும்பகோணம் போய் ஒரு கடையையே கலைத்துப் போட்டுக் கிளிப்பச்சையில் அரக்குக் கரை வைத்த பட்டாக எடுத்துவந்தாள். "அவ நிறத்துக்கு எடுப்பா இருக்கும்" என்றாள். அவள் நிறம் அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கண்ணாடி, சீப்பு, வளையல், ரவிக்கைத் துணி எல்லாம் வாங்கியிருந்தாள். எனக்காகப் பார்த்த எந்தப் பெண்ணுக்கும் அம்மா இத்தனை ஆசையாக எதையும் எடுத்ததில்லை. எடுக்கிற கட்டம் வரைக்கும் அவர்கள் விட்டதும் இல்லை.

கார்த்திகை அமாவாசை. நடுச்சாமத்தில் செய்வதுதான் முறையாம். ஆனால் குறிகாரருக்கு மயிலாடுதுறைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால், மோகினிகள் சாயங்காலம் நாலு மணிக்கும் வருவார்கள் என்று சாஸ்திரம் திருத்தப்பட்டது. மதகுப் பக்கம் தார்ப்பாய் விரித்துப் பெரியப்பாவும் இரண்டு பெரியவர்களும் உட்கார்ந்தார்கள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. துரும்பு தேடினால் நல்ல துரும்பாக ஒன்று அகப்படவில்லை. குறுவை வைக்கோலையெல்லாம் அறுப்பு மிஷின் மென்று துப்பியிருந்தது. நெற்களஞ்சியம் என்று பெயர், ஒரு முழ வைக்கோலுக்கு எங்கள் தெருவே அலைந்தது. கடைசியில் யாரோ மாட்டின் வாயிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வந்தார்கள்.

பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். "மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் நாங்க இருக்கோம். பொண்ணு வீட்டுப் பக்கம் யாரு?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதை யாரும் யோசிக்கவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னால் செல்லாது என்றார் இன்னொரு பெரியவர். குறிகாரர் பஸ்ஸுக்கு நேரமாவதைச் சொன்னார். அப்போதுதான் களை எடுத்துவிட்டுக் கையைக் காலைக் கழுவ மதகுக்கு வந்த அக்கா, சேலையை உதறிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"நான் பேசறேன். பாவம், அந்தப் பொண்ணுக்கு நாதி யாரு?"

பெரியப்பா தலையசைத்தார்.

"எங்க பொண்ணு மேல என்ன குத்தம்? அதைச் சொல்லுங்க முதல்ல. சீர் கேட்டாளா? மாமியாரை எதுத்துப் பேசினாளா? தனிக்குடித்தனம் போவோம்னாளா? இத்தனை வருசமா மழையிலயும் வெயில்லயும் மரத்துமேலயே கெடந்தா. ஒருநாள் ஒரு வாய் சோறு போட்டிருப்பீங்களா?"

கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்க. வேணாம்னு சொல்றது சுலபம். கேட்டுக்கறவளுக்குத்தான் வலி தெரியும்" என்று சொல்லி என் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தாள்.

"அவன் மனுசன். வயசாகுது. அவளுக்கு ஏறலை. பொருத்தம் இல்லை, அவ்வளவுதான்" என்றார் பெரியப்பா, நிஜமாகவே சங்கடப்பட்டுக்கொண்டு.

"அப்படி மரியாதையாச் சொல்லுங்க. நாங்க ஒத்துக்கறோம்" என்றாள் அக்கா.

மரத்தைப் பார்த்து மூன்று தடவை சம்மதம் கேட்டார்கள். ஒரு கொக்கு பறந்துபோனது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். என் கையில் துரும்பைக் கொடுத்தார்கள். கிள்ளினேன். மாட்டு எச்சிலில் ஊறியிருந்ததால் வளைந்ததே தவிர முறியவில்லை. அவளுக்கு விட மனமில்லை என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். கடைசியில் பல்லால் கடித்துத்தான் துண்டாக்கினேன். புடவையை அவளிடம் சேர்ப்பிக்கிற பொறுப்பைக் குறிகாரர் ஏற்றுக்கொண்டு, அதை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அவர் வீட்டு அம்மாளுக்கும் கிளிப்பச்சை நன்றாகத்தான் இருக்கும்.

மறுநாள் மருந்துக் கடையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தி, "அப்படின்னா உங்களுக்கும் இனிமே ரெண்டாவதுதானே?" என்றாள்.

நான் நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவரையும் கூட்டிக்கொண்டு அம்மாவிடம் வந்தேன்.

"அம்மா, முதல் கல்யாணம் முதல் கல்யாணம்னு சொன்னே. நேத்து ஊரைக் கூட்டி அத்துவிட்டியே, அது யாருக்கு?"

அம்மா பெரியப்பாவைப் பார்த்தாள், அவர் காப்பாற்றுவார் என்று. பெரியப்பா நியாயஸ்தர். தீர்ப்பு என்று வந்துவிட்டால் தம்பி பெண்டாட்டிக்காகக்கூட வளைய மாட்டார். வெகுநேரம் மேல்துண்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"துரும்பு கிள்ளியாச்சுன்னா கல்யாணம் நடந்தது நெசம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரிதாம்மா. நடக்காத கல்யாணத்தை அத்துவிட முடியாது. இனிமே இவனுக்கு ரெண்டாங்கல்யாணந்தான். யார் கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்லுவேன்."

நான் ஜெயித்துவிட்டேன். வாயெல்லாம் பல்லாக அம்மாவின் பக்கம் திரும்பினேன். அம்மா அழுதுகொண்டிருந்தாள். தோற்றுப்போன மாமியார் அழுகிற அழுகை இல்லை அது.

"எல்லா வீட்லயும் வேணாம்னாங்க தம்பி. உன் முகத்தைக்கூட ஒழுங்காப் பாக்காம வேணாம்னாங்க. ஒருத்தியாவது என் புள்ளையை விடமாட்டேன்னு புடிச்சிக்கிட்டு இருக்காளேன்னு எனக்கு ஒரு நெனப்பு. கேக்கறப்ப நல்லா இருந்துச்சு. பொல்லாதவளா இருந்தா என்ன, உன்னை வேணும்னாளே."

அந்த வீடுகளிலெல்லாம் பஜ்ஜியையும் கேசரியையும் நான் கேலி பேசிக்கொண்டே தின்றுவிட்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒவ்வொரு வேண்டாமையும் விழுங்கியிருக்கிறாள். பெரியப்பா செருப்பைத் தேடுகிறவர் மாதிரி வெளியே போய்விட்டார்.

அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "அந்தப் பொண்ணு வீடு எங்க இருக்கு?" என்றாள்.

அடுத்த முகூர்த்த நாளில் தாம்பூலத் தட்டோடு போனோம், அம்மா, பெரியப்பா, நான். அவளுடைய அண்ணன் வாசலுக்கு வந்து வரவேற்றார். நல்ல மனிதர், ரொம்பவும் கூச்சப்பட்டார். உட்காரவைத்ததும் பேச்சைத் தொடங்கினார். "உங்ககிட்ட மறைக்க ஒண்ணும் இல்லீங்க. என் தங்கச்சி விஷயம் உங்களுக்கே தெரியும். ஏற்கெனவே ஒரு இடத்துல…" என்று இழுத்துத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சமையற்கட்டு நிலைப்படியில் காப்பித் தட்டோடு நின்றுவிட்டாள். அந்த வாக்கியம் எப்படி முடியும் என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ தடவை கேட்டிருப்பாள்.

பெரியப்பா உடனே தொண்டையைக் கனைத்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, எங்க பையனுக்கும் ஒரு மோகினி…" என்று ஆரம்பித்தார்.

அம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். எழுந்து நிலைப்படிக்குப் போனாள். அங்கே நின்றவளின் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தாள்.

"மோகினியும் இல்லை, ஒண்ணும் இல்லைம்மா. எம் புள்ளையைப் போன எடத்துலெல்லாம் வேணாம்னாங்க" என்றாள். அத்தனை பேர் முன்னால், குரலைத் தாழ்த்திக்கொள்ளாமல் சொன்னாள். "நீ வேணுங்கறியா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"வேணும் அத்தை" என்றாள்.